தெரு கூடி ஆடிய திரை

கீரமங்கலத்தைப் பற்றி எழுதப் புகுந்தோர் பூவிலிருந்து தொடங்குவது வழக்கம். அதில் நியாயமும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தஞ்சாவூர் மாவட்டத்து எல்லையை ஒட்டினாற்போல் அமைந்த இப்பேரூரில், பொழுது புலருமுன்பே பூக்கொல்லைகளிலிருந்து மல்லிகையும் முல்லையும் கனகாம்பரமும் சம்பங்கியும் கமிஷன் கடைகளுக்கு வந்து குவிவதையும், மெய்நின்றநாதர் ஆலயத்தில் எண்பத்தோரடி உயரச் சிவபெருமான் சிலை வானளாவ நிற்பதையும், ஆடி பிறந்தால் சுற்றுவட்டாரம் முழுவதும் மொய் விருந்துப் பந்தல்கள் எழும்புவதையும் பலர் பலவாறாக வருணித்திருக்கிறார்கள். ஆனால், இவ்வட்டாரத்தில் இன்று முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட பிராயத்தில் உள்ளவர்களோடு டீக்கடைப் பலகையில் அமர்ந்து சற்று நேரம் மனம் விட்டுப் பேசிப் பார்த்தால், எந்த ஸ்தல புராணத்திலும் இடம் பெறாத வேறொரு விஷயத்தை அவர்கள் தங்கள் பால்யத்தின் பெரும்பேறாகச் சொல்லத் தொடங்குவார்கள். அதுதான் டி.வி. கேம்.

சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. அதிலிருந்து நீளும் ஒயர்களின் முனையில் இரண்டு ஜாய்ஸ்டிக்குகள். மேற்புறத்துப் பிளவில் செருகுவதற்கு மஞ்சள் நிறக் கேசட் ஒன்று. விலை சற்றுக் கூடிய பெட்டியானால் உடன் ஒரு பொய்த் துப்பாக்கி. இவ்வளவே அதன் சர்வாங்கம். கையில் எடுத்தால் காற்றடைத்ததுபோல் கனமற்று இருக்கும் அந்தப் பெட்டியைச் சுற்றி ஒரு தெருவே கூடியிருந்தது என்பதும், அந்தக் கூட்டத்தை இப்போது மீண்டும் கூட்டிப் பார்க்கவேண்டும் என்கிற ஆசை பலருக்கும் துளிர்த்திருக்கிறது என்பதுமே இக்கட்டுரைக்குக் காரணம்.

உலகின் ஏனைய பாகங்களில் பழைய வீடியோ கேம்களின் அபிமானிகள் ஒன்றுகூடும்போது அவர்கள் பூஜிக்கும் மூர்த்தி வேறு. ஆளுயர மரப்பெட்டி, அதன் நெஞ்சுக்கு நேரே திரை, கீழே காசு போடும் துளை என்று அமைந்த ஆர்க்கேடு யந்திரம் அது. 1972-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அட்டாரி கம்பெனி 'பாங்' என்னும் பந்தாட்ட யந்திரத்தைக் கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரத்து மதுக்கடை ஒன்றில் பரீட்சார்த்தமாக வைத்தபோது, சில தினங்களில் அது பழுதாகிவிட்டது என்று கடைக்காரர் முறையிட, போய்த் திறந்து பார்த்தவர் காசுப்பெட்டி நிரம்பி வழிந்து யந்திரத்தை அடைத்திருக்கக் கண்டார் என்பது அத்துறையின் ஆதி புராணம். 1978-இல் ஜப்பானின் டொமொஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செய்தார். அதில் பகைவர் மடிய மடிய எஞ்சியவர் வேகம் கூடுவது ஒரு கபட யுத்த தந்திரம் என்று ஆடுகிறவன் நினைப்பான். உண்மையில், திரையில் வரையவேண்டிய உருவங்கள் குறையக் குறைய அந்தச் சிறிய கணிப்பொறிக்குச் சுமை குறைந்ததே அவ்வேகத்துக்குக் காரணம். 1980-இல் டோரு இவாடானியின் 'பேக்-மேன்' வந்தது. அடுத்த ஆண்டில் ஷிகெரு மியாமொட்டோவின் 'டாங்கி காங்' வந்து, அதில் பீப்பாய்களைத் தாண்டிக் குதித்த தச்சன்தான் பிற்பாடு மரியோ என்ற நாமதேயம் பெற்று உலகை ஆண்டான்.

இந்த யந்திரங்கள் நம்முடைய பெருநகரங்கள் வரை வந்தன. பஸ் நிலையத்துச் சந்துகளிலும் சினிமாக் கொட்டகைகளின் பக்கவாட்டிலும் இருட்டறைகளில் வைக்கப்பட்டு, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களை விழுங்கி வாழ்ந்தன. கேப்காம் கம்பெனி 1993-இல் வெளியிட்ட 'கேடில்லாக்ஸ் அண்டு டைனோசர்ஸ்' என்னும் அடிதடி ஆட்டத்தின் மெய்யான பெயரை இந்தியாவில் ஆடியவர்களில் பெரும்பாலோர் இன்றளவும் அறியார். அதிலே பறந்து உதைக்கும் முஸ்தபா என்ற வீரன் பேரையே ஆட்டத்துக்குச் சூட்டி, மற்ற மூவரையும் அவனுக்குத் துணைவராக்கிவிட்டார்கள். ஆனால் நகரத்துக்கு வந்தது கிராமத்துக்கு வருவதற்கு இடையில் பல சங்கடங்கள் இருந்தன. இலட்சக் கணக்கில் ஜனங்கள் நடமாடும் இடத்தில்தான் அத்தனை பெரிய யந்திரத்துக்கு முதலீடு திரும்பும். வாரச் சந்தையும் பூ வியாபாரமுமாக வாழும் சிற்றூரில் திரும்பாது. ஆகவே நம்முடைய ஆர்க்கேடு வேறொரு வழியாக, வேறொரு ரூபத்தில் வந்து சேர்ந்தது.

அந்த வழியைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நின்டெண்டோ 1983-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி ஜப்பானில் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்னும் வீட்டுப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. அதிலே கணக்குப் போட ஒரு சில்லும் படம் வரைய ஒரு சில்லும் அவற்றுக்குத் துணையாக வேறு சிலவும் தனித்தனியே இருந்தன. காலக்கிரமத்தில் சீனத்திலும் தைவானிலும் உள்ள சாமர்த்தியசாலிகள், அத்தனையையும் ஒரே சில்லுக்குள் அடக்கி, அதன் தலையில் கறுப்புப் பசையை ஒரு சொட்டு வைத்து மூடி, சொற்ப விலைக்குப் பெட்டிகளைச் செய்து உலகமெங்கும் இறைத்துவிட்டார்கள். ருஷ்யாவில் அது 'டெண்டி' என்ற பெயரில் விலை போயிற்று. இந்தியாவில் நின்டெண்டோவின் அனுமதியோடு 'சாமுராய்' என்ற பெயரில் அசல் வந்தது என்றாலும், ஊர் ஊராகப் பரவியது அசலன்று; 'மீடியா' என்றும் 'லிட்டில் மாஸ்டர்' என்றும் 'டெர்மினேட்டர்' என்றும் பல பெயர் தரித்த நகல்களே. திருவிழாக் கடைகளிலும், பர்மா பஜார் வகையறாக் கடைகளிலும், சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் விடுமுறைக்கு ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளிலும் அவை வந்தன. இதில் நின்டெண்டோவுக்கு ஒரு சல்லிக்காசும் சேரவில்லை என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. திருட்டு என்றால் திருட்டுத்தான். ஆனால் அந்தத் திருட்டு நடந்திராவிட்டால் மரியோவின் தரிசனம் நமக்குக் கிட்டியிராது என்பதும் அதே அளவு உண்மை. இவ்விரண்டையும் தர்ம சாஸ்திரத் தராசில் வைத்து நிறுப்பதை நான் வாசகருக்கே விட்டுவிடுகிறேன்.

பெட்டி மலிந்ததால் மட்டும் காரியம் நடந்துவிடவில்லை. பெட்டிக்கு ஒரு தொலைக்காட்சி வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே தொலைக்காட்சியில் மாலையில் தந்தைக்குச் செய்தியும் தாய்க்குத் தொடரும் இருக்கையில் பிள்ளைக்கு அதில் பாத்தியதை ஏது? இந்தப் பாகப்பிரிவினையைத் தீர்த்துவைத்தது ஓர் அரசாங்கத் திட்டம். 2006-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. அளித்த வாக்குறுதியின்படி, அவ்வாண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்த நாளன்று தொடங்கப்பெற்ற இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின்கீழ், அடுத்த ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் தமிழகத்துக் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டன. தொலைக்காட்சியே இல்லாத வீட்டுக்கு அது முதற்பெட்டி. முன்னமே ஒன்று இருந்த வீட்டுக்கோ அது இரண்டாவது பெட்டி. இரண்டாவது பெட்டி வந்த கணமே, ஒன்று பெரியவர்களுக்கும் மற்றது பிள்ளைகளுக்கும் என்று ஆகிவிட்டது. இந்தத் திட்டத்தின் நன்மை தீமைகளைப் பற்றிப் பொருளாதார நிபுணர்கள் எழுதிய கட்டுரைகளுக்குக் குறைவில்லை. அவர்களில் எவரும், தமிழகத்தின் நாட்டுப்புறத்தில் வீடியோ கேம் பரவியதற்கு இத்திட்டத்தைவிடப் பெரிய போஷகர் கிடையாது என்பதைக் கவனித்ததாகக் காணோம். அரசு தந்த பெட்டியும் சீனத்து நகலும் ஒரு திண்ணையில் சந்தித்துக்கொண்டபோது பிறந்ததே நம்முடைய ஆர்க்கேடு.

செத்தால் கைமாறும்

அந்தத் திண்ணையில் நடந்ததைக் கூர்ந்து பார்த்தால்தான் விஷயத்தின் உயிர்நிலை விளங்கும். ஜாய்ஸ்டிக் இரண்டு, ஆடத் துடிப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஆகையினால் எழுதப்படாத ஒரு சட்டம் தானாகவே உண்டாயிற்று. "செத்தா குடுத்துடணும்" என்பது அதன் முதல் விதி. பள்ளத்தில் விழுந்தோ ஆமை மோதியோ மரியோ மாண்டான் என்றால், அந்த நொடியே ஜாய்ஸ்டிக் கைமாற வேண்டும். "ஒரே ஒரு லைஃப்டா" என்று இறைஞ்சுவது உண்டு, இரங்குவதும் உண்டு, பெட்டிக்குச் சொந்தக்காரன் மட்டும் செத்த பிறகும் ஆடலாம் என்ற விசேஷ சலுகை சில வீடுகளில் செல்லுபடியாயிற்று. ஆடாதவர்கள் சும்மா இருந்தார்களா என்றால் இல்லை. எங்கே ஒளிந்த காளான், எந்தக் குழாய்க்குள் இறங்கினால் பாதாள அறை, எந்த மதிலின் மேல் ஏறி ஓடினால் நாலாம் உலகத்துக்கு நேரே போகலாம் என்பதையெல்லாம் பின்னால் நின்றபடி உரக்க உபதேசித்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவன் விரல்களால் ஆடினான். பதினொருவர் வாயால் ஆடினார்கள். ஆடியவனுக்கும் பார்த்தவர்களுக்கும் ஜயம் ஒன்றாகவே இருந்தது.

எந்தெந்த ஆட்டங்கள் என்று கேட்டால், ஆளுக்கொரு ஜாபிதா சொல்வார்கள். ஆனாலும் சில பெயர்கள் எல்லா ஜாபிதாவிலும் இருக்கும். 1985-ஆம் ஆண்டின் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' முதலிடத்தில். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருவர் முன்னேறும் 'கான்ட்ரா' அதற்கு அடுத்தது. அதில் முப்பது உயிர் பெறுவதற்கான பட்டன் வரிசை, குருமுகமாக அன்றி வேறு வழியில் கிடைக்காத மந்திரம்போல ஒருவர் காதிலிருந்து மற்றொருவர் காதுக்குப் போயிற்று. அம்மந்திரத்தைப் படைத்தவர் கொனாமி கம்பெனியின் கசுஹிசா ஹஷிமொட்டோ. 'கிரேடியஸ்' என்னும் ஆட்டத்தைச் சோதிக்கையில் தம்மாலேயே அதை ஆடி முடிக்க முடியாமல் போனதால் தம் சௌகரியத்துக்காக அவர் வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் காலமானார். பிறகு 'ரோடு ஃபைட்டர்', 'சர்க்கஸ் சார்லி', பழத்தைத் தின்றுகொண்டே ஓடும் 'அட்வெஞ்சர் ஐலேண்டு'. இவை எல்லாவற்றிலும் என் அபிப்பிராயத்தில் தலைசிறந்தது, பிள்ளைகள் 'டேங்க்' என்று மட்டும் சொன்ன, நாம்கோ கம்பெனியின் 1985-ஆம் ஆண்டு ஆட்டமாகிய 'பேட்டில் சிட்டி'. இருவர் ஒரே சமயத்தில், ஒரே பக்கத்தில் நின்று, ஒரு கழுகுச் சின்னத்தைக் காக்கவேண்டும். கைதவறித் தோழனைச் சுட்டால் அவன் சாகான், சற்று நேரம் அசைவற்று நிற்பான். அந்த நேரத்தில் வீட்டில் எழும் சச்சரவு திரைக்குள் நடக்கும் யுத்தத்தைவிட உக்கிரமானது. அதோடு, செங்கல்லையும் இரும்பையும் தண்ணீரையும் தம் இஷ்டப்படி அடுக்கிப் புதிய போர்க்களம் கட்டிக்கொள்ளவும் அதில் இடமிருந்தது. சிற்றூர்ப் பிள்ளைகளுக்குச் சிருஷ்டிகர்த்தாவின் ஸ்தானத்தை முதன்முதலில் அளித்த யந்திரம் அதுவாகவே இருக்கவேண்டும்.

கேசட்டின் மேல் 'பத்து லட்சம் ஆட்டங்கள்' என்கிற தோரணையில் ஒன்பதுகள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே மெய்யாக இருப்பவை சில பத்து ஆட்டங்கள். அவற்றையே திரும்பத் திரும்பப் பட்டியலிட்டு, ஒன்று மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கும், மற்றொன்றில் மரியோ கூரைக்கு மேல் குதிப்பான் என்று சின்னஞ்சிறு மாறுதல் செய்து எண்ணிக்கையைப் பெருக்கியிருப்பார்கள். இந்த மோசடியை எல்லாப் பிள்ளைகளும் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவர்கூடக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இன்னொரு கேசட் வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளவேண்டும். இந்த மாற்று வியவகாரம் இவ்வட்டாரத்துக்கே உரிய மொய்க் கணக்கைப் போன்றது: யார் யாருக்கு எதைக் கொடுத்தார், எவ்வளவு நாளைக்குக் கொடுத்தார், திருப்பிச் செய்யும் முறை யாருடையது என்பதெல்லாம் ஒரு வரிகூட எழுதிவைக்காமலேயே தெருவுக்கு மனப்பாடமாக இருந்தது, வாங்கியதைத் திருப்பிச் செய்யாதவன் அடுத்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

2008-ஆம் ஆண்டு தொடங்கி நாலைந்து வருஷங்கள் தமிழகத்தைப் பீடித்த மின்வெட்டும் இந்தச் சரித்திரத்தில் ஒரு பாத்திரம். மரியோவில் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி கிடையாது. எட்டாம் உலகத்தின் கடைசிக் கோட்டை வாசலில் நிற்கையில் கரண்ட் போயிற்றென்றால், போட்ட பிரயாசை அத்தனையும் பாழ். மறுபடி முதல் உலகத்து முதல் காளானிலிருந்து துவங்கவேண்டும். அந்த ஏமாற்றத்தைப் பத்துப் பேராகப் பகிர்ந்துகொண்டதால்தான் தாங்க முடிந்தது என்று தோன்றுகிறது.

பெரியவர்களுக்கு இதெல்லாம் பிடித்ததா? பிடிக்கவில்லை. கண் கெட்டுப்போகும், படிப்புக் கெட்டுப்போகும், தொலைக்காட்சிப் பெட்டியே கெட்டுப்போகும் என்பவை மூன்று பிரதான ஆட்சேபங்கள். நகரத்து வீடியோ கேம் கடைகளைப் பற்றிய அச்சமோ நியாயஸ்தலம் வரை போயிற்று: 1995-இல் எம்.ஜே. சிவானி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்கில், அக்கடைகள் உரிமம் பெற்றே நடத்தப்படவேண்டும் என்ற கட்டுப்பாடு செல்லும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. பெண் பிள்ளைகளின் நிலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். மணிக்கணக்குக்கு வாடகை வாங்கி டி.வி. கேம் ஆடவிட்ட கடைகளில் அவர்களை எவரும் கண்டதில்லை. வீட்டுத் திண்ணைக்கு ஆட்டம் வந்த பிறகே அவர்கள் கைக்கு ஜாய்ஸ்டிக் எட்டிற்று. அதுவும் அண்ணன்மார் வெளியே போயிருக்கும் மத்தியான வேளையில். பழங்காலத்தைப் பொற்காலமாக வருணிக்கத் துடிக்கும் ஆடவர்கள் இந்த ஒரு சங்கதியைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

துப்பாக்கியின் ரகசியம்

'டக் ஹன்ட்' என்னும் வாத்து வேட்டையைப் பற்றித் தனியே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பொய்த் துப்பாக்கியிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டுத் திரையைத் தாக்குகிறது என்றே பிள்ளைகள் எல்லாரும் நம்பினார்கள். நடப்பதோ நேர் எதிர். துப்பாக்கி எதையும் விடுவதில்லை; அது பார்க்கிறது. அதன் குழலுக்குள் ஒளியை உணரும் சிறு உறுப்பு ஒன்று உண்டு. விசையை அழுத்திய மாத்திரத்தில், கண்ணுக்குப் புலப்படாத ஒரு கணம் திரை முழுதும் கறுத்து, மறுகணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் தோன்றி மறையும். முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் அந்த வரிசையிலேயே குழல் கண்டால், குறி தப்பவில்லை என்று பெட்டி தீர்மானிக்கிறது. வாத்துகள் இரண்டானால் சதுரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு. முதலில் ஏன் இருட்டு? மின்விளக்கைக் குறிவைத்துச் சுட்டு ஏமாற்றுகிறவர்களை அகப்படுத்துவதற்காக. இன்னொரு விநோதம்: ஒற்றை வாத்து ஆட்டத்தில், இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருப்பவர் அந்த வாத்தையே தம் இஷ்டத்துக்குப் பறக்கவிடலாம்.

இந்த வித்தை படக்குழாய்த் தொலைக்காட்சியில் மட்டுமே பலிக்கும். எலெக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாகக் கோடு கோடாகத் திரையை வினாடிக்கு ஐம்பது தடவை வரைந்து செல்லும் அந்த முறையில்தான், எந்தக் கணத்தில் எந்த இடம் ஒளிரும் என்பது துல்லியமாக நிர்ணயமாகியிருந்தது. இன்று சுவரில் மாட்டும் தட்டைத் தொலைக்காட்சி, வந்த படத்தை முதலில் வாங்கித் தனக்குள் சீர்செய்து, சற்றே தாமதித்துத் திரையிடுவது. அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்திருக்கும். ஆகையால், பெட்டியும் கேசட்டும் துப்பாக்கியும் பழுதின்றி இருந்தாலும், தட்டைத் திரைக்கு முன்னால் ஒரு வாத்தும் விழாது; புதரிலிருந்து தலை நீட்டும் நாய் மட்டும் ஓயாமல் சிரித்துக்கொண்டிருக்கும். பழைய ஆட்டங்களின் மறுமலர்ச்சியில் அரிதாகிவரும் அங்கம் எது என்றால், பெட்டியுமன்று, கேசட்டுமன்று. எவராலும் புதிதாகச் செய்யப்படாத அந்தப் படக்குழாய்தான்.

கூடுகிறவர்கள்

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யத்து லக்கோனியாவில் 1952-இல் தொடங்கப்பெற்ற ஃபன்ஸ்பாட் என்ற விளையாட்டு மண்டபம், இன்று பழைய ஆர்க்கேடு யந்திரங்களின் காட்சிசாலையையும் தன்னுள் கொண்டு விளங்குகிறது. கலிபோர்னியாவில் 1997 முதல் ஆண்டுதோறும் நடந்துவரும் 'கலிபோர்னியா எக்ஸ்ட்ரீம்' என்னும் கூட்டத்துக்கு, தம் வீட்டில் வைத்துப் பேணும் யந்திரங்களைச் சொந்தக்காரர்களே சுமந்து வந்து பொதுஜனங்களின் உபயோகத்துக்கு விடுகிறார்கள். டோக்கியோவில் தகாதனோபாபா பகுதியிலுள்ள மிகாடோ என்னும் கூடத்தில் பழைய ஆட்டங்களுக்கு இன்றும் பந்தயங்கள் நடைபெறுகின்றன. மென்பொருள் வழியாகவும் இந்தத் தொண்டு நடக்கிறது: இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997-இல் தொடங்கிய 'மேம்' என்னும் மென்பொருள், ஆயிரக்கணக்கான பழைய யந்திரங்களின் நடத்தையைச் சாதாரணக் கணினிக்குள் மறுபடி நிகழ்த்திக் காட்டுகிறது. அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் காசு கொடுத்து வாங்கக் கிடைப்பதில்லை என்று, வீடியோ கேம்களின் சரித்திரத்தைப் பேணும் அந்நாட்டு ஸ்தாபனம் ஒன்று 2023-இல் ஆராய்ந்து அறிவித்தது. நம்முடைய முஸ்தபாவே அதற்குச் சாட்சி: சித்திரக் கதை ஒன்றின் உரிமையைத் தழுவிச் செய்யப்பட்ட அந்த ஆட்டம் வீட்டுப் பெட்டிகளுக்கு ஒருபோதும் முறைப்படி வரவில்லை, நகல் செய்தவர்களும் மென்பொருள் அபிமானிகளும் இல்லாவிட்டால் அதை இன்று ஆடவே முடியாது.

ஆயினும் அவர்களுடைய கூட்டத்துக்கும் நாம் கூட்டவேண்டிய கூட்டத்துக்கும் ஒரு பேதம் இருக்கிறது. அங்கே ஆளுக்கொரு யந்திரம்; யந்திரத்தைக் காண வருகிறார்கள், அதன் பலகையையும் சித்திரங்களையும் ஆராதிக்கிறார்கள். நம்மிடம் ஆராதிக்கத்தக்க யந்திரம் எதுவும் இருந்ததில்லை. பெட்டி போலி, கேசட் போலி, மேலே ஒட்டியிருந்த படத்துக்கும் உள்ளே இருந்த ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லை. 'சூப்பர் மரியோ' முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இடம் போதாமையால் மேகத்துக்கு வரைந்த உருவத்தையே பச்சை வர்ணம் பூசிப் புதராகவும் நிறுத்தினார்கள். கீரமங்கலத்து வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்தோடு வந்து விழும் ஒரு மல்லிகைப் படம் அந்த ஆட்டத்தைவிடப் பெரிது. இத்தனை அற்பமான பொருளிலிருந்து இத்தனை சந்தோஷம் பெற முடிந்ததற்குக் காரணம் பொருளில் இல்லை. பன்னிரண்டு பேருக்கு ஒரு திரை என்கிற பற்றாக்குறையில் இருந்தது. காத்திருக்க வேண்டியிருந்ததனால் பார்த்தார்கள், பார்த்ததனால் கற்றார்கள், கற்றதனால் பேசினார்கள்.

இன்று அந்தப் பன்னிரண்டு பேரின் பிள்ளைகளுக்கும் பன்னிரண்டு திரைகள். எவரும் எவருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. கைப்பேசியில் ஆடும் ஆட்டங்களில் சில, பணத்தைப் பந்தயமாக வைத்துக் குடும்பங்களைக் குலைக்கும் அளவுக்குப் போனதால், தமிழகச் சட்டமன்றம் இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் மசோதாவை 2022-இல் நிறைவேற்றி, ஆளுநர் திருப்பி அனுப்பியதன்மேல் 2023 மார்ச்சில் மறுமுறையும் நிறைவேற்றிச் சட்டமாக்க வேண்டியதாயிற்று. பழைய கடையில் ஒரு ரூபாய் போட்டவன் இழக்கக்கூடியது அந்த ஒரு ரூபாயைத்தான். பழமையைப் புகழ்வதில் எனக்கு அத்தனை ருசியில்லை. 'கான்ட்ரா'வைவிடச் சிறந்த ஆட்டங்கள் இன்று எத்தனையோ உள்ளன, படத்திலும் கதையிலும் அவற்றுக்கு நிகரில்லை. எனினும், ஆட்டம் சிறந்தது, கூட்டம் போயிற்று என்பதை மறைத்து எழுதுவது நாணயமாகாது.

ஆதலால் ஒரு யோசனை. இவ்வட்டாரத்தில் சேந்தன்குடியிலும் கொத்தமங்கலத்திலும் வடகாட்டிலும் பனங்குளத்திலும், தைப்பொங்கலை ஒட்டி இளைஞர் மன்றத்தார் நடத்தும் விளையாட்டு விழாவில் உறியடியும் கோலப்போட்டியும் சாக்கு ஓட்டமும் இசை நாற்காலியும் இருக்கின்றன. அந்த ஜாபிதாவில் 'டேங்க்' ஆட்டத்தையும் சேர்க்கலாம். மேடையில் படக்குழாய்த் தொலைக்காட்சி ஒன்று. இருவர் இருவராக ஜோடி. ஒரு ஜோடியில் ஒருவர் முப்பத்தைந்தைக் கடந்தவராகவும் மற்றவர் பள்ளிப் பிள்ளையாகவும் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. கழுகு வீழ்ந்தால் அடுத்த ஜோடிக்கு இடம். அன்று வாடகைக் கடைகளுக்கு வர முடியாதிருந்த அக்காமாருக்கு முதல் முறை கொடுப்பது மரியாதை. செலவு என்று பார்த்தால், பந்தலுக்கு ஆவதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. புதிதாகச் செய்து விற்கிற எச்.டி.எம்.ஐ. பெட்டிகளைக் கொண்டு இதை நடத்தலாமே என்பார்கள். நடத்தலாம், மரியோ குதிக்கும் தருணத்தில் விரலுக்கும் திரைக்கும் இடையே விழும் சிறு தாமதத்தை அனுபவஸ்தர்கள் உடனே உணர்ந்து முகம் சுளிப்பார்கள், அவ்வளவே. பழைய கேசட் கிடைத்தால், அக்காலத்தில் எல்லாரும் செய்ததுபோல் வாயால் ஊதவேண்டாம். ஊதுவதால் அது வேலை செய்ததில்லை, எடுத்து மறுபடி செருகியதால் செய்தது. வாயின் ஈரம் அதன் செப்பு முனைகளை அரிக்கும். பஞ்சில் சிறிது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தால் போதும்.

மிகவும் அவசரமானது தொலைக்காட்சிதான். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் இவ்வழியே சென்றபோது தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன; ஓடுகள் பறந்த வீடுகளில் மழை நேரே இறங்கியது; அந்த மழையில் எத்தனை பெட்டிகள் நாசமாயினவோ. எஞ்சியவை இப்போது பரண்களிலும் மாட்டுக்கொட்டகை மூலைகளிலும் கிடக்கின்றன. தினமும் தெருவில் வரும் பழைய இரும்பு வண்டிக்காரர் அவற்றை எடைக்குப் போடச் சொல்லி வாங்கிப் போகிறார். படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் கலந்திருப்பதால், அது வெட்டவெளியில் உடைக்கப்படுவது மண்ணுக்கும் கேடு. வாசகர்களில் எவர் வீட்டிலேனும் அந்தப் பதினான்கு அங்குலப் பெட்டி இன்னும் இருக்குமானால், வண்டியில் ஏற்றுமுன் ஒருமுறை மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். படம் வந்தால் ஊர் மன்றத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ நூலகத்துக்கோ கொடுத்துவிடுங்கள். படம் வராவிட்டால் ஊரில் பழைய டி.வி. மெக்கானிக் எவரேனும் தொழிலை விடாமல் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். நீங்களே பின்மூடியைக் கழற்றிப் பார்க்காதீர்கள், அணைத்த பிறகும் அதனுள் ஆளைத் தூக்கி எறியும் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.